பயணப் பெட்டியும் ஓர் அமானிதமே!

 

சில மாதங்களுக்கு முன், இஷா தொழுகை முடிந்து பள்ளியை விட்டு வெளியே வந்தபோது ஓர் இளைஞர் என்னைக் காத்துக்கொண்டு நின்றார். துபாயில் வேலை. விடுமுறை முடிந்து மறுநாள் பயணம்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. அடுத்த வீட்டு மாமி அவங்க மகனுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலம் தந்திருக்காங்க. நல்லா மூடித் தச்சிருக்கு. பிரிச்சுப் பார்த்தா அமானிதத்துக்கு மோசடியாயிடுமா?"

"நீங்களாகப் பிரிக்க வேண்டாம். மாமியிடமே கொண்டுபோய், அவர் முன்னால் பிரித்துப் பாருங்கள்" என்றேன்.

"மாமி மனசு நோகுமே ஹஜ்ரத்" என்று தயங்கினார். பிறகு போனார். உள்ளே நெத்திலிக் கருவாடு, தொதல், மிளகாய்த்தூள். அவற்றோடு, மருமகள் குருமா வைக்க அரைக் கிலோ கசகசா! துபாய்க்குக் கசகசா கொண்டுபோகக் கூடாது என்பது அந்த மாமிக்குத் தெரியாது. விஷயத்தைச் சொன்னதும் அழுதே விட்டாராம். "நான் பெத்த பிள்ளை மாதிரி இருக்குற உன்னையாப்பா மாட்டிவிடப் பார்த்தேன்!"

அந்த மாமியிடம் தீய எண்ணம் எதுவுமில்லை. அந்த இளைஞரிடமும் குற்றமில்லை. ஆனால் அந்தத் தையல் பிரிக்கப்படாமலே விமானம் ஏறியிருந்தால் என்னவாகியிருக்கும்? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

பெட்டிக்குள் போகும் ஊர்

நம் கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி, பாம்பன் பகுதிகளில் சபுராளி இல்லாத தெரு அபூர்வம். வளைகுடாவுக்கு முன்பே நமக்குக் கொழும்பு இருந்தது. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட பிறகு, தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று நம் முன்னோர் போய்வந்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்த வழி அடைபட்டது, ஆனால் நம் சபுர் நிற்கவில்லை. ரியாத், தோஹா, துபாய், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று திசை மட்டும் மாறியது.

சபுராளி ஊருக்கு வரும்போது என்ன கொண்டுவருகிறார் என்று எல்லோரும் கேட்கிறோம். சென்ட், சோப்பு, பேரீச்சம்பழம், சாக்லேட் என்று அந்தப் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் திரும்பிப் போகும்போது என்ன கொண்டுபோகிறார் என்பதுதான் உண்மையில் கனமான பெட்டி. பச்சரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, கை ஓயக் கிண்டி இறக்கிய தொதல்; நெய் மணக்கும் பலகாரங்கள்; சீலா மீன் கருவாடு; சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி; 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துக் குண்டு மிளகாய்; உம்மா கையால் இடித்த மசாலா.

இவற்றில் பல அந்த நாட்டுக் கடைகளிலும் இன்று கிடைக்கின்றன. தொதலுக்கு இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் உறவினர் உண்டு. அங்கெல்லாம் 'தொதோல்', 'டோடோல்' என்கிறார்கள். ஆனால் பத்துப் பேர் தங்கும் அறையில் இரவு பெட்டியைத் திறக்கும்போது எழும் அந்த மணம் கடையில் கிடைக்காது. அதனால் கொண்டுபோகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அன்பளிப்பு உள்ளங்களை இணைக்கும் என்றும், அண்டை வீட்டார் தரும் அற்பமான பொருளையும் இழிவாக எண்ண வேண்டாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். என் கேள்வி ஒன்றே ஒன்று: அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அதைத் தூக்கிச் செல்பவருக்குத் தெரியுமா?

யூசுஃப் சூராவில் வரும் பயண மூட்டைகள்

திருக்குர்ஆனின் 12-வது அத்தியாயத்தைப் பயண மூட்டைகளைக் கவனித்து ஓதிப் பாருங்கள்.

தானியம் வாங்க மிஸ்ருக்கு வந்த சகோதரர்களின் மூட்டைகளில், அவர்கள் கொடுத்த கிரயப் பொருளையே அவர்களுக்குத் தெரியாமல் திருப்பி வைக்கச் சொல்கிறார்கள் யூசுஃப் (அலை) அவர்கள். ஊருக்குப் போய் மூட்டையைப் பிரித்த பிறகுதான் அது அவர்களுக்குத் தெரிகிறது (12:62, 65). அடுத்த பயணத்தில் இளைய சகோதரரின் மூட்டையில் அரசரின் அளவைப் பாத்திரம் வைக்கப்படுகிறது. தாங்கள் திருடர்கள் அல்லர் என்று அவர்கள் அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்கிறார்கள். ஆனாலும் சோதனையில் பாத்திரம் வெளியே வருகிறது (12:70-76). அது அல்லாஹ்வின் ஏற்பாடு. தம் சகோதரரைத் தம்மோடு வைத்துக்கொள்ள யூசுஃப் (அலை) அவர்களுக்குக் காட்டப்பட்ட வழி. அதன் முடிவு நன்மையாக இருந்தது.

இன்றைய விமான நிலையத்தில் நம் பையிலிருந்து அப்படி ஒரு பொருள் வெளியே வந்தால், எதிரே அமர்ந்திருப்பவர் யூசுஃப் நபி அல்லர். "எனக்குத் தெரியாது" என்று நாம் செய்யும் சத்தியம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பை நம்முடையது, அதில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருப்பது நம் பெயர்.

தெரியாமல் தவறும் பொருள்கள்

கசகசா: நம் வீட்டில் இது சமையல் பொருள். மளிகைக் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் இது அபின் எடுக்கப்படும் செடியின் விதை. அதனால் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் இது போதைப்பொருள் தடுப்புச் சட்டங்களின் கீழ் தடை செய்யப்பட்டிருக்கிறது. தனிப் பொட்டலமாக மட்டுமல்ல, வீட்டில் அரைத்த மசாலாவில் கலந்திருந்தாலும் சிக்கல்தான்.

வெற்றிலை, பான், குட்கா: துபாய் சுங்கத்துறையின் தடைப் பட்டியலில் வெற்றிலையும் உண்டு. வயதான வாப்பா மகனைப் பார்க்கப் போகும்போது மடியில் வைத்திருக்கும் வெற்றிலைக்கும் இது பொருந்தும்.

மருந்துகள்: இதில்தான் மிகுந்த கவனம் தேவை. ட்ரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபலின், சில தூக்க மாத்திரைகள் ஆகியவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அவற்றைக் கொண்டுபோக அந்நாட்டு அதிகாரிகளிடம் முன்கூட்டியே இணையவழி அனுமதி பெற வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைக்கூட அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாமல், உரிய உறையோடும் மருத்துவர் சீட்டோடும் கொண்டுபோங்கள். பிறருடைய மருந்தை உங்கள் பையில் ஏற்காதீர்கள்.

கொப்பரை: முழுத் தேங்காய்க் கொப்பரையில் எண்ணெய் அதிகம். தீப்பற்றக்கூடிய பொருள் என்பதால் விமானத்தில் போடும் பெட்டியில் வைக்க அனுமதியில்லை. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டிக்குள் வைக்கக் கூடாது.

கடல் பொருள்கள்: இது நம் கரைக்கே உரிய விஷயம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை, சில வகைச் சிப்பிகள் ஆகியவை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுகின்றன. கரையில் ஒதுங்கிக் கிடந்த பவளத் துண்டுதானே என்று முதலாளிக்கு நினைவுப் பரிசாக எடுத்துப் போகாதீர்கள். நம் ஊரை விட்டுப் புறப்படும் இடத்திலேயே அது குற்றம்.

தகடு, தாயத்து, மந்திரித்த நூல்: இவற்றைப் பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாடு ஒருபுறம் இருக்கட்டும். சூனியம் தொடர்பான பொருள்களை அமீரகமும் சவூதியும் கடுமையான குற்றமாகப் பார்க்கின்றன. நீங்கள் பரக்கத்துக்காக வைத்ததை அந்த அதிகாரி அப்படிப் பார்க்கமாட்டார்.

"ஹலாலான பொருள்தானே, அந்நாட்டுச் சட்டம் எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. விசா வாங்கும்போதே அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு நடப்பதாக நாம் ஒப்புக்கொள்கிறோம். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி ஐந்தாவது அத்தியாயத்தின் முதல் வசனமே முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது.

தோஹாவில் நடந்தது

2019 ஜூலையில் மும்பையைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதி கத்தாருக்குப் பயணமானார்கள். பயணச் செலவை ஏற்று அனுப்பிவைத்தவர் உறவுக்காரப் பெண்மணி ஒருவர். அங்கே ஒருவரிடம் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலமும் கொடுத்தார். தோஹா விமான நிலையச் சோதனையில் அந்தப் பொட்டலத்தில் இருந்தது நான்கு கிலோவுக்கும் மேற்பட்ட ஹஷீஷ் என்று தெரிந்தது. இருவருக்கும் 10 ஆண்டு சிறைத் தண்டனை. மனைவி அப்போது கருவுற்றிருந்தார். குழந்தை சிறையிலேயே பிறந்தது.

தாங்கள் ஏமாற்றப்பட்டதை நிரூபிக்க அவர்களின் குடும்பத்தார் இந்தியாவில் அலையாத இடமில்லை. இந்தியப் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு விசாரித்து உண்மையை வெளிக்கொணர்ந்த பிறகு, வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டு 2021 மார்ச்சில் விடுதலை கிடைத்தது. நிரபராதிகள்தாம். ஆனாலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போயின. கொடுத்தது உறவு, வாங்கியது நம்பிக்கை. நடுவில் யாரும் ஒரு முறை பிரித்துப் பார்க்கவில்லை.

பிரித்துப் பார்ப்பது சந்தேகமா?

நம் குடும்பங்களில் உள்ள பெரிய தடை இதுதான். "என்னையே சந்தேகப்படுறியா?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்து, வாய் திறக்காமல் பொட்டலத்தை வாங்கிக்கொள்கிறோம்.

யஃகூப் (அலை) அவர்களைப் பாருங்கள். இளைய மகனை அனுப்பச் சொல்லிக் கேட்பவர்கள் வேறு யாருமில்லை, அவர் பெற்ற பிள்ளைகளே. ஆனாலும் அல்லாஹ்வின் பெயரால் உறுதிமொழி வாங்கிய பிறகே அனுப்புகிறார்கள் (12:66). கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்கும்படி குர்ஆனின் மிக நீளமான வசனம் கூறுகிறது (2:282). எழுதுவது சந்தேகம் அல்ல. இரு தரப்புக்கும் பாதுகாப்பு. பொட்டலத்தைக் கொடுத்தவர் முன்னால் திறந்து பார்ப்பதும் அப்படித்தான். அவர் கொடுத்தது என்ன, நீங்கள் சேர்த்தது என்ன என்பதில் நாளை மனக்கசப்பு வராமல் அது காக்கும்.

அமானிதமாக ஒப்படைக்கப்படும் பொருளுக்கு ஃபிக்ஹு நூல்களில் 'வதீஆ' என்று தனிப் பாடமே உண்டு. அதைப் பாதுகாக்க முடியும், தன் நேர்மையில் உறுதியும் உண்டு என்பவர் ஏற்பது விரும்பத்தக்கது. பாதுகாக்க இயலாதவர் அதை ஏற்பதே கூடாது என்கிறது நம் ஷாஃபிஈ மத்ஹப். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பொருளை எப்படிப் பாதுகாப்பீர்கள்? ஆகவே, "மன்னிக்கணும் ராத்தா, பிரிக்காம வாங்க முடியாது" என்று சொல்வது அமானிதத்தை மறுப்பது ஆகாது. அமானிதத்தை முறையாக ஏற்பது அதுவே.

கூலிக்குப் பொருள் கடத்தும் 'குருவி' வேலை வேறு. அதில் போகிறவருக்குத் தெரியும். நான் பேசுவது, தெரியாமல் குருவியாக்கப்படும் நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி.

எடை விஷயம்

பயணம் சொல்ல வீடு வீடாகப் போகும் பிள்ளையின் கையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொட்டலம். "ஒரு கிலோதாம்பா" என்பார்கள். தராசில் மூன்று கிலோ நிற்கும். அளவையில் குறைவு செய்வோரைப் பற்றி 83-வது அத்தியாயம் எச்சரிப்பதைக் கடைக்காரருக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம்.

விமான நிலையத்தில் எடை மிஞ்சும். அந்தப் பிள்ளை தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறப்பார். பிறர் கொடுத்தது அமானிதம், அதை எடுக்க முடியாது. கடைசியில் வெளியே எடுப்பது அவருடைய சொந்தப் பொருளை. பல நேரம் அது, இரண்டு நாள் அடுப்படியில் நின்று உம்மா செய்து கொடுத்த தொதல். வழியனுப்ப வந்தவர்கள் போயிருந்தால் அது அங்கேயே கிடக்கும். நம் 'ஒரு கிலோ' யாருடைய உம்மாவின் உழைப்பை இறக்கியது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

நாம் செய்ய வேண்டியவை

கொடுப்பவர்கள்: முதலில் "இடம் இருக்கா?" என்று கேளுங்கள். மூடித் தைக்காமல், திறந்தபடியே கொண்டுவந்து கொடுங்கள். ஒவ்வொரு பொருளின் பெயரையும் எடையையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். மறுத்தால் மனம் கோணாதீர்கள்.

கொண்டுபோகிறவர்கள்: உங்கள் பெட்டியை நீங்களே அடுக்குங்கள். பிறர் தருவதைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே வாங்கிப் பிரித்துப் பாருங்கள். விமான நிலைய வாசலில் முன்பின் தெரியாதவர் நீட்டும் பையை, அவர் எவ்வளவு அழுதாலும், வாங்காதீர்கள். போகும் நாட்டின் சுங்கத்துறைப் பட்டியலை ஒவ்வொரு பயணத்திலும் புதிதாகப் பாருங்கள். அது மாறிக்கொண்டே இருக்கும்.

ஜமாஅத்தார்: விடுமுறைக் காலத்தில் ஒரு ஜும்ஆவின் அறிவிப்பில் கசகசா, மருந்து விஷயத்தைச் சொல்லுங்கள். பெண்கள் பயானில் கட்டாயம் சொல்லுங்கள். பெட்டியை நிரப்பும் கைகள் அங்கேதான் இருக்கின்றன.

யூசுஃப் சூராவின் இறுதியில் இன்னொரு பொருளும் பயணம் போகிறது. அது ஒரு சட்டை. தொடக்கத்தில் சகோதரர்கள் கொண்டுவந்த சட்டையில் பொய் இரத்தம் இருந்தது; அது தந்தையைக் கண்ணீரில் ஆழ்த்தியது. இந்தச் சட்டையை மகன் மனமறிந்து, என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறார். கூட்டம் புறப்பட்டதுமே தொலைவில் இருக்கும் தந்தைக்கு மகனின் மணம் வந்துவிடுகிறது. முகத்தில் போட்டதும் பார்வை திரும்புகிறது (12:93-96).

நம் வீட்டிலிருந்து போகும் ஒவ்வொரு பெட்டியும் அந்தச் சட்டையைப் போல் கண்குளிர்ச்சியாகவே போய்ச் சேரட்டும். நம் பிள்ளைகளின் பயணங்களை அல்லாஹ் ஆஃபியத்தானதாக ஆக்கி, போனவர்களை நலமோடு திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பானாக! ஆமீன்.