பதவியுயர்த்தி அகற்றிய பிளாட்

தொமஸ் பிளாட் என்னும் பெயரை நம் வாசகருட் பலர் கேள்வியுற்றிருக்கமாட்டார்கள். 1881 இல் ஜனாதிபதியுடன் பிணங்கிச் செனட் பதவியைத் துறந்து நகைப்புக்குள்ளான இவர், பின்னர் நியூயோர்க் மாநிலக் குடியரசுக் கட்சியையே தம் கைக்குள் கொண்டுவந்தமை நமக்கு வியப்பையே தருகின்றது. ஹோட்டல் ஒன்றின் கூடத்திலமர்ந்தே கட்சிக் கருமங்களை முடிவு செய்தார். எவரும் மறுத்துரையாமையால் அவ்விடத்துக்கு ‘ஆமென் மூலை’ என்றே பெயர் வழங்கிற்று!

1898 இல் பிளாட்டின் ஆதரவுடன் ஆளுநரான தியோடர் ரூஸ்வெல்ட்டோ, தெருக்களைப் பயன்படுத்தும் கம்பெனிகளுக்கு வரி விதித்து அவரையே மீறினார். தொல்லை தொலையட்டுமென எண்ணிய பிளாட், 1900 இல் ரூஸ்வெல்ட்டை உப ஜனாதிபதி வேட்பாளராக்க முனைந்து நின்றார். பெயருக்கு மட்டுமே பெரிய பதவியல்லவா அது!

1901 செப்டெம்பரில் ஜனாதிபதி மக்கின்லி சுடப்பட்டு மாண்டார், ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார். மீண்டும் செனட்டரான பிளாட் 1909 வரை அப்பதவியிலிருந்தார். எனினும் நியூயோர்க்கில் அவர் சொல் முன்போல் எடுபடவில்லை.