ஒரு சாவியும் எட்டுக் கைகளும்

கலூரில் பாத்திரக்கடை நடத்துகிறேன், கிடங்கு மட்டாஞ்சேரியில். கணினி நான் கல்லூரியில் கற்றதல்ல. கடைக்குத் தேவைப்பட்டதால் புத்தகம் வாங்கிப் படித்துத் தெரிந்துகொண்டது. குற்றம் குறை இருந்தால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓணத்துக்கு முதல் நாள், உத்திராடப் பாச்சில். கடையில் நிற்க இடமில்லை. நாலு மேசையிலும் பில் திணறித் திணறி வருகிறது. பில் போடும் பையனை ஆட்கள் முன்னிலையிலேயே கடிந்துகொண்டேன். எங்கள் கணக்கு ஓடுவது ஒரு மெய்நிகர் கணினியில். அதற்கு நாலு கோர் கொடுத்திருந்ததை எட்டாக்கினோம். ஒரு பலனும் இல்லை. பெங்களூரிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த தங்கை மகன் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, அவன் மேல தப்பில்ல. எட்டுப் பேருக்கும் ஒரே சாவிதான். எல்லாரும் சாவிக்குக் காத்து நிக்கிறாங்க."

அது என்ன சாவி என்று தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

மெய்நிகர் கணினி என்பது கணினிக்குள் நடிக்கும் இன்னொரு கணினி. அப்படி நடிக்க வைக்கும் மென்பொருள்களில் பெயர்பெற்றது கியூஎமு. பிரான்சு நாட்டுப் பாப்ரீஸ் பெல்லார் 2003-இல் வெளியிட்டது. யாரும் படித்துப் பார்க்கலாம், திருத்தலாம். 2007-இல் லினக்ஸ் 2.6.20-இல் கேவிஎம் சேர்ந்தபின், உள்ளே இருக்கும் ஒவ்வொரு செயலியும் தனித்தனி இழையாக உண்மையான கோரிலேயே ஓடலாயிற்று. ஆனால் வட்டு, வலைப்பின்னல், திரை போன்ற போலிக் கருவிகளைத் தொடும்போது ஒரே பெரிய பூட்டைப் பிடித்தாக வேண்டும்.

பூட்டு எதற்கு? இருப்பில் பன்னிரண்டு உருளி. இரண்டு மேசைக்காரர்கள் ஒரே நேரத்தில் பேரேட்டைப் பார்த்து ஆளுக்குப் பத்து விற்றால் என்ன ஆகும்? ஆகையால் ஒருவர் எழுதும்போது மற்றவர் நிற்க வேண்டும். அது நியாயமே. ஆனால் கியூஎமுவில் பேரேட்டுக்கு மட்டுமல்ல, கடை முழுவதற்கும் ஒரே பூட்டு. ஒரே கோர் இருந்த காலத்தில் இது எளிது, பத்திரமானது. எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதில் நட்டம் எவ்வளவு என்பதற்கு 1967-இல் ஆம்டால் என்பவர் சொன்ன கணக்கு உண்டு. வேலையில் ஐந்தில் ஒரு பங்கு பூட்டுக்குள் ஒருவர் ஒருவராக நடந்தே ஆக வேண்டும் என்றால், எட்டுக் கைகள் போட்டாலும் வேகம் மூன்றேகால் மடங்கு சொச்சம்தான். ஆயிரம் கைகள் போட்டாலும் ஐந்து மடங்கைத் தாண்டாது. ஆள் கூட்டுவதில் பயனில்லை. பூட்டுக்குள் நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

அதற்குக் கண்ட வழிகள் இரண்டைச் சொல்கிறேன். முதலாவது, வேலையைப் பிரிப்பது. வட்டு வேலைக்கெனத் தனி இழை ஒதுக்கும் ஏற்பாடு 2013-இல் கியூஎமு 1.4-இல் சோதனையாக வந்தது. கிடங்குக்குத் தனிச் சாவி கொடுத்த மாதிரி. எங்கள் கடையில் தங்கை மகன் செய்ததும் இதுவே.

இரண்டாவது, படிப்பவரைப் பூட்டே இல்லாமல் விடுவது. விலைப்பலகையை நாள் முழுவதும் எல்லோரும் பார்க்கிறார்கள்; மாற்றுவது எப்போதாவது. மாற்றும்போது கூட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. புதுப் பலகையைத் தனியே எழுதி மாட்டிவிடலாம். பழையதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்து முடித்தபின் அதைத் தூக்கிப் போடலாம். இந்த முறைக்கு ஆர்சியூ என்று பெயர். 1990-களில் பால் மெக்கென்னியும் ஜாக் ஸ்லிங்வைனும் அமெரிக்காவில் உருவாக்கினார்கள். அதை 2002 அக்டோபரில் லினக்ஸுக்குள் கொண்டுவந்ததில் முன்னின்றவர் பெங்களூர் ஐபிஎம்மில் பணியாற்றிய தீபாங்கர் சர்மா. நமக்கு ஒரு ராத்திரி ரயில் தூரம்! எந்த முகவரி எந்தக் கருவிக்கு என்று காட்டும் நினைவகப் பட்டியல், அடிக்கடி பார்ப்பதும் அபூர்வமாக மாறுவதும் ஆனதால், 2015-இல் கியூஎமுவும் அதற்கு இதே முறையைக் கைக்கொண்டது.

வேலை ஒரு நாளில் முடியவில்லை. வேறு வகைச் செயலியின் கட்டளைகளை மொழிபெயர்த்து ஓட்டும்போது எல்லாச் செயலிகளும் ஒரே இழையில் முறை வைத்தே ஓடின. அது மாறி, சில வகைகளுக்குத் தனித்தனி இழை கிடைத்தது 2017-இல், 2.9 பதிப்பில். வட்டு வேலையைச் சூழ்ந்திருந்த இன்னொரு பூட்டு 2024-இல், 9.0 பதிப்பில் முற்றும் நீங்கியது. பெரிய பூட்டு இன்றும் இருக்கிறது. அதை நாடும் வேலைதான் வரவரக் குறைகிறது. ஒரு பூட்டைத் தப்பாகக் கழற்றினால் கணக்கே சிதறிவிடும் என்பதால் இத்தனை பொறுமை வேண்டியிருக்கிறது.

வெளியூரில் பிழைக்க வந்த நாம் பலரும் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர்கள். வேலை தேங்கினால் கண்ணில் படுவது நிற்கிற ஆள்தான். பூட்டு கண்ணில் படுவதில்லை. அந்தப் பையன் இப்போதும் எங்கள் கடையில்தான் இருக்கிறான். அன்று கூட்டத்துக்கு நடுவே ஏசியவன், மறுநாள் திருவோணத்தன்று தனியாகக் கூப்பிட்டுத்தான் மன்னிப்புக் கேட்டேன். அதையும் நாலு பேர் முன்னிலையில் கேட்டிருக்க வேண்டும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.