பயமறியாத பிள்ளை

தோட்டத்துப் பையன் ஒருவன் போலீசில் மாட்டினால் நெகிரி செம்பிலானின் ரந்தாவிலும் லிங்கியிலும் பகாவிலும் பேச்சு ஒன்றுதான்: "அவன் இரத்தமே அப்படி." 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் 40,000 உறுப்பினர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியர்கள் என்றும் சொன்னது. நாட்டில் நாம் 7 விழுக்காடுதான். அன்றிலிருந்து இந்த இரத்தப் பேச்சு இன்னும் வலுத்துவிட்டது. இதில் எவ்வளவு உண்மை என்று பார்ப்போம்.

சுபாவத்தில் ஒரு பகுதி பிறவியிலேயே வருகிறது, அது உண்மை. சிலருடைய மூளையும் நரம்பும் எளிதில் கிளர்ச்சி அடைவதில்லை, அதனால் அவர்கள் ஆபத்தைத் தேடிப் போகிறார்கள், தண்டனையிலிருந்து மெதுவாகத்தான் பாடம் கற்கிறார்கள் என்று உளவியலாளர் ஹான்ஸ் ஐசங்க் 1964-இல் எழுதினார். அவர் சொன்ன எல்லாமே நிற்கவில்லை. ஆனால் ஓய்வாக இருக்கும்போது நாடித்துடிப்பு குறைவாக உள்ள ஆண்பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் சற்று அதிகம் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது.

இதற்கு நமக்கு நெருக்கமான சான்று மொரிசியசில் இருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வாரிசுகள்தான் அங்கே பெரும்பான்மை. அங்குள்ள இரண்டு ஊர்களில் 1,795 குழந்தைகளை மூன்று வயதில் சோதித்தார்கள். காதில் ஒரு ஒலி கேட்கும். அதைத் தொடர்ந்து அதட்டுவது போல் பெரிய சத்தம் வரும். சில முறை கேட்டபின், முதல் ஒலிக்கே குழந்தையின் விரல் வியர்க்க வேண்டும். அதுதான் பயம் பழகுவது. இருபது ஆண்டு கழித்து நீதிமன்றப் பதிவுகளைப் பார்த்தபோது, குற்றம் செய்தவர்களிடம் அந்த மூன்று வயதில் இப்படிப் பயம் பழகியதன் அறிகுறி இல்லை என்று தெரிந்தது. இது குழுவின் சராசரி. விரல் வியர்க்காத பிள்ளை ஒவ்வொன்றும் குற்றவாளி ஆகிவிடவில்லை.

அதே ஆய்வில் நூறு பிள்ளைகளை மூன்று வயது முதல் ஐந்து வயது வரை தனிப் பாலர் பள்ளியில் சேர்த்தார்கள். மீனும் காய்கறியும் உள்ள நல்ல சாப்பாடு, தினம் ஓடியாடும் விளையாட்டு, கதை, பாட்டு. 23 வயதில் விசாரித்தபோது, இவர்கள் தாங்களே ஒப்புக்கொண்ட குற்றங்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. நீதிமன்றப் பதிவுகளில் வேறுபாடு அவ்வளவு தெளிவாக இல்லை. ஆனால் மூன்று வயதில் சத்துக் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே பலன் அதிகம் கிடைத்தது.

இத்தகைய நடத்தையில் பரம்பரையின் பங்கு சுமார் பாதி என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு அது. ஓர் இனம் ஏன் இன்னோர் இனத்தைப்போல் இல்லை என்பதற்கு அதில் பதில் கிடையாது. இதே இரத்தம்தான் தலைமுறை தலைமுறையாக நெகிரியில் பால்மரம் சீவியது. மரபணு ஒரே தலைமுறையில் மாறாது. மாறியது இடம். 1980 தொடங்கி இருபது ஆண்டுகளில் நாடு முழுக்கச் சுமார் மூன்று லட்சம் பேர் தோட்டங்களை விட்டு வெளியேற நேர்ந்தது. தோட்டத்தில் கள்ளுக்கடையும் வறுமையும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஆயாக் கொட்டகையும் பந்துத் திடலும் இருந்தன, தப்பு செய்தால் கேட்கிற பெரியவர்களும் இருந்தார்கள். மலிவு விலை அடுக்குமாடியில் அந்த இடத்தைக் கும்பல் பிடித்துக்கொண்டது.

பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று முத்திரை குத்தினால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 1871-இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பின்னாளில் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள்மேல் ரேகைச் சட்டமாக இறங்கியது. கைரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது.

வீட்டில் பயமறியாத பிள்ளை இருந்தால், அடித்துத் திருத்தலாம் என்று நம்பாதீர்கள். தண்டனை உறைக்காத சுபாவத்துக்கு அடி கொடுத்துப் பயனில்லை. அடிபட்டு வளர்ந்த பிள்ளைதான் பின்னாளில் அதிகம் முரண்டு பிடிக்கிறது. நல்லது செய்தால் அந்த நிமிடமே பாராட்டுங்கள். சிலம்பத்திலோ பந்திலோ சேர்த்துவிடுங்கள். கோயில் நிர்வாகங்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடும் மாலையில் விளையாட ஓர் இடமும் ஏற்பாடு செய்யுங்கள். 13 வயதில் கும்பல் வந்து கூப்பிடுவதற்குப் பத்து ஆண்டு முன்பே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.