ஆறு பென்னி கொடுத்தால் தொட்டுப் பார்க்கலாம்

1710 ஆகஸ்ட். ஆக்ஸ்ஃபோர்டில் சந்தை நாள். பிராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்த ஊஃபன்பாக் என்ற படிப்பாளி, பேர்போன அஷ்மோலியன் மியூசியத்தைப் பார்க்கப் படியேறினார். மாடி முழுக்கச் சந்தைக்கு வந்த கிராமத்து ஜனம். இந்தக் கூட்டத்தில் என்னத்தைப் பார்ப்பது என்று திரும்பிவிட்டார். பிறகு வந்து பார்த்தபோதும் மனம் ஆறவில்லை. ஆறு பென்னி கொடுத்தால் பெண்களைக்கூட உள்ளே விடுகிறார்கள், அவர்கள் அங்குமிங்கும் ஓடி எல்லாவற்றையும் கையில் எடுக்கிறார்கள், துணைக் காப்பாளர் அதட்டினாலும் காதில் வாங்குவதில்லை என்று பயணக் குறிப்பில் பொருமித் தள்ளியிருக்கிறார்.

பல்கலைக்கழக மியூசியம் என்றால் ஒரு காலத்தில் பண்டிதர்களுக்கு மட்டும், இப்போதுதான் ஜனங்களுக்கு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அஷ்மோலியன் விஷயத்தில் அந்தக் கணக்கு உதைக்கிறது.

ட்ரேட்ஸ்கன்ட் என்ற தோட்டக்காரத் தந்தையும் மகனும் உலகெங்கிலுமிருந்து சேர்த்த பொருள்கள் எலியாஸ் அஷ்மோலின் கைக்கு வந்தன. அவர் அவற்றைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க, 1683-ல் பிராட் தெருவில் அதற்கென்றே கட்டிய கட்டடத்தில் மியூசியம் திறந்தது. மேல்மாடியில் பொருள்கள், நடுத்தளத்தில் பாடம், அடித்தளத்தில் ரசாயனக் கூடம். முதல் காப்பாளர் ராபர்ட் ப்ளாட்டே வேதியியல் பேராசிரியரும். காப்பாளரின் வருமானமே பார்க்க வருகிறவர்கள் தரும் காசுதான் என்றால், உழவரையும் அவர் வீட்டுப் பெண்களையும் யார் திருப்பி அனுப்புவார்? இதே பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது 1920-ல். மியூசியப் படி ஏற ஆறு பென்னி போதுமாக இருந்தது. பட்டத்துக்கு இன்னும் இருநூறு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

கையில் எடுத்தது கிராமத்துப் பெண்கள் மட்டுமல்ல. 1690-களில் இங்கே வந்த சீலியா ஃபைன்ஸ் வசதியான வீட்டுப் பெண்மணி. பார்வைக்குக் கனமாகத் தெரிந்த ஒரு கைத்தடியைத் தூக்கிப் பார்த்து, இறகுபோல இருக்கிறதே என்று வியந்து எழுதி வைத்தார். அன்றைக்குப் பார்ப்பது என்றால் எடுத்து, எடைபோட்டு, தடவிப் பார்ப்பதும் சேர்த்துத்தான். அதற்கு விலையும் உண்டு. கைபட்டுத் தேய்ந்தது பாதி, பூச்சியரித்தது பாதி. அங்கிருந்த டோடோ பறவையில் இன்று எஞ்சியிருப்பது தலையும் ஒரு காலும்தான். அவையும் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் இயற்கை வரலாற்று மியூசியத்தில். சென்னைக்காரர்கள் எழும்பூர் மியூசியத்துக்கு வைத்த ‘செத்த காலேஜ்’ என்ற பெயர் அந்த மேல்மாடிக்கும் பொருந்தியிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் கண்ணாடி வந்தது, கூடவே கண்டிப்பும் வந்தது. 1845-ல் பியூமான்ட் தெருவில் கட்டடக் கலைஞர் காக்கரெல் வடிவமைத்த தூண் வைத்த மாளிகை எழுந்தது. விலங்கும் பாறையும் வேறு கட்டடத்துக்குப் போக, கலையும் தொல்லியலும் பிறகு இந்த மாளிகையில் சேர்ந்தன. தொடாதே, சத்தம் போடாதே என்ற மியூசியம் நமக்குத் தெரிந்த மியூசியம். அதைப் பழங்காலத்து மியூசியம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது நடுவில் வந்தது.

2009-ல் சுமார் 6 கோடி பவுண்டு செலவில் உள்ளே புதுப்பித்துத் திறந்தார்கள். அதிலிருந்து நிகழ்ச்சி நிரல் நிறைந்து வழிகிறது: மதியப் பேச்சு, வரைதல் வகுப்பு, கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கான காலை, சில வெள்ளிக்கிழமைகளில் பாட்டும் பானமுமாக நீளும் இரவு. கதவு இலவசம். பெரிய சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும் டிக்கெட். அது ஆறு பென்னி அல்ல, வயிற்றைக் கலக்கும் விலை.

இதிலெல்லாம் எனக்குப் பிடித்தது இரவுக் கொண்டாட்டம் அல்ல. ஒரு மேசையில் நாலைந்து பழம்பொருளை வைத்துக்கொண்டு உட்காரும் தன்னார்வலர்தான். ஒரு ரோமானியப் பானை ஓட்டைக் குழந்தையின் கையில் வைத்து, குயவரின் விரல் எங்கே அழுந்தியிருக்கிறது என்று தேடச் சொல்கிறார். ஊஃபன்பாக் எதற்காகத் தலையில் அடித்துக்கொண்டாரோ, அதை இன்று மியூசியமே அழைத்துச் செய்ய வைக்கிறது. மாடியில் அச்சுப்பட அறை என்று ஒன்று உண்டு. ரஃபேலின் கோட்டோவியங்கள் உலகிலேயே அதிகம் சேர்ந்திருக்கும் இடம் இந்த மியூசியம். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால், பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை, யாராக இருந்தாலும் அந்த அறையில் கேட்கும் படத்தை மேசைக்கு எடுத்துவந்து காட்டுவார்கள். பேனாவுக்கு மட்டும் தடை, பென்சில்தான்.

பிராட் தெருவின் பழைய கட்டடம் இப்போது அறிவியல் வரலாற்று மியூசியம். முல்தகா என்ற திட்டத்தில், அகதிகளாகவும் குடியேறியும் வந்தவர்கள் அங்கே இஸ்லாமிய உலகின் வானியல் கருவிகளைப் பற்றி அரபியிலும் ஆங்கிலத்திலும் வருகிறவர்களுக்கு விளக்குகிறார்கள். அன்று வெளியாரை உள்ளே விட்டதோடு சரி. பொருளைப் பற்றிப் பேசும் உரிமை காப்பாளரிடமே இருந்தது. இன்றைய மாற்றம் என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பேச்சு கைமாறினால் சங்கடமான கேள்வியும் வரும். அஷ்மோலியனுக்கு வாளும் கேடயமும் ஏந்திய திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி ஒன்று வந்து சேர்ந்தது, பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1967-ல் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் வாங்கியது. 2019-ல் ஓர் ஆய்வாளர் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பில் 1957-ல் எடுத்த புகைப்படத்தைக் கண்டெடுத்தார். அதே ஆழ்வார், கும்பகோணம் அருகே சுந்தரபெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில். மியூசியமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொன்னது. திருப்பித் தர 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மன்றம் இசைந்தது.

இப்படிப்பட்ட திருமேனி கண்ணாடிக்குள் நிற்பதற்காக வார்க்கப்பட்டதல்ல. திருமஞ்சனம், பட்டு, மாலை, கார்த்திகையில் கார்த்திகை நட்சத்திரத்தன்று உற்சவம் என்று அதற்கும் ஒரு நிகழ்ச்சி நிரல் உண்டு. அங்கே தொடுகிறவர் அர்ச்சகர் ஒருவர்தான். பார்க்க ஊரே வரலாம், கட்டணம் கிடையாது.