விழுந்தால் காப்பது எது?
வளைகுடாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் நம்மவர் கவனத்திற்கு

ஐரோப்பாவில் வாழும் எமக்கு அறிமுகமான குடும்பமொன்றுக்கு அண்மையில் ஷார்ஜாவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே உணவு விநியோக வேலை பார்க்கும் தம்பி, தனது மோட்டார் சைக்கிளுக்கு 'ஸ்லைடர்' பூட்டுவதற்கும், பின்சில்லைத் தூக்கி நிறுத்தும் ஸ்ராண்ட் ஒன்று வாங்குவதற்கும் அண்ணனிடம் பணம் கேட்டிருந்தார். "எல்லாரும் பூட்டுறாங்கள் அண்ணை, விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாம்" என்பது அவர் சொன்ன காரணம். அண்ணனுக்கு மோட்டார் சைக்கிள் பற்றி எதுவும் தெரியாது. பணம் அனுப்ப ஆயத்தமாகவே இருந்தார். எனினும், தாம் அனுப்பும் பணம் எதைக் காக்கப் போகின்றது என்று எம்மிடம் கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம்.

டுபாய், அபுதாபி, ஷார்ஜா, டோஹா, குவைத் ஆகிய நகரங்களில் பொதி சுமந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரில் தென்னாசியரே மிகப் பலர். அவர்களிடையே நம்மவரும் உள்ளனர். இவர்களிற் பெரும்பாலோர் மாதச் சம்பளத்தை அன்றி, ஒவ்வொரு விநியோகத்துக்கும் கிடைக்கும் கொடுப்பனவையே நம்பி வாழ்பவர்கள். 2022 மே மாதத்தில் இக்கொடுப்பனவைக் குறைக்க முற்பட்ட நிறுவனமொன்றுக்கு எதிராக, வேலைநிறுத்தம் தடைசெய்யப்பட்டுள்ள டுபாயிலேயே ஓட்டுநர்கள் வேலையை நிறுத்தினர். நிறுவனம் தன் முடிவைக் கைவிட நேர்ந்தது. ஒரு நாள் வீட்டிலிருந்தால் ஒரு நாள் வருமானம் இல்லை என்னும் நிலையில், வண்டி உடைவதும் கால் உடைவதும் ஒரே துன்பத்தின் இரு முகங்களாகவே அவர்களுக்குத் தோன்றுகின்றன. உண்மையில் அவை ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை அறியாமல் வாங்கப்படும் காப்புப் பொருள் வீண் செலவாகவே முடியும்.

ஸ்லைடர் என்ன செய்கிறது?

ஸ்லைடர் என்பது இயந்திரத்தின் இருபுறத்திலும் சட்டகத்துடன் சேர்த்துப் போல்டினால் பூட்டப்படும் உருளைக் கட்டையாகும். வண்டி பக்கவாட்டில் சரியும்போது முதலில் நிலத்தைத் தொடுவது அதுவே. தான் தேய்ந்து, இயந்திர மூடியையும் பெற்றோல் தாங்கியையும் தேயாமல் காப்பது அதன் தொழில். இது பந்தய ஓடுதளத்திலிருந்து வீதிக்கு வந்த பொருள். கட்டாரின் லுசைல் ஓடுதளத்தில் 2004 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் உலகப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், விழுந்த வண்டி நெடுந்தூரம் வழுக்கிச் செல்வதைக் கண்டிருப்பர். அங்கே வழியில் தடையொன்றும் இல்லை. நகர வீதியிலோ நடைபாதை விளிம்பும், விளக்குக் கம்பமும், வடிகால் மூடியும் உண்டு. வழுக்கிச் செல்லும் ஸ்லைடர் இவற்றில் ஒன்றிற் கொழுவிக் கொண்டால், வண்டி புரண்டு எழும்பவும் கூடும். ஆகவே, பந்தயத்துக்கு நல்லதெல்லாம் வீதிக்கும் நல்லதென்று எண்ணுதல் தவறு.

வாங்குமுன் நான்கு விடயங்களைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, கட்டையின் பொருள். அசெற்றல், நைலோன், அடர்ந்த பொலித்தீன் ஆகிய பிளாஸ்ரிக் வகைகளே ஏற்றவை. இவை தாரில் தேய்ந்து வழுக்கும். பளபளப்பான அலுமினிய முனை கொண்டவை கண்ணுக்கு அழகானவை. ஆனால் உலோகம் தாரைக் கிண்டிப் பிடித்துக் கொள்ளக்கூடும்.

இரண்டாவது, நீளம். மிகக் குட்டையானது எதையும் காக்காது. மிக நீளமானது நெம்புகோல் போல் வேலை செய்து, விழுகின்ற விசையைப் பெருக்கிப் போல்டை வளைக்கும். சில வேளை சட்டகத்தையே வளைக்கும். வண்டியைச் சரித்துப் பார்த்தால் இயந்திர மூடியை விடச் சற்று வெளியே நிற்கும் அளவே போதுமானது.

மூன்றாவது, பூட்டும் இடம். பெரும்பாலும் இயந்திரத்தைச் சட்டகத்தில் தாங்கும் போல்டைக் கழற்றி, அவ்விடத்திலேயே ஸ்லைடரின் நீண்ட போல்டைச் செலுத்துவர். ஆகவே உங்கள் வண்டியின் வகைக்கென்றே செய்யப்பட்டதை மட்டும் வாங்குங்கள். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று விற்கப்படுவது எந்த வண்டிக்கும் சரிவரப் பொருந்துவதில்லை.

நான்காவது, பூட்டும் முறை. இருபுறப் போல்டுகளையும் ஒரே நேரத்தில் கழற்றலாகாது. இயந்திரத்தின் கீழ் முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு, இறுக்க அளவு காட்டும் ஸ்பனரினால் இறுக்க வேண்டும். கைப்பலத்தை நம்பி இறுக்குகின்ற கராஜிடம் இவ்வேலையைக் கொடாதீர்கள்.

விநியோக வண்டிக்கு ஏற்றது எது?

வளைகுடாவில் விநியோகத்துக்குப் பயன்படுபவற்றிற் பல, இந்தியாவில் உருவாகும் 150 சிசி அளவிலான சாதாரண வண்டிகள். இவற்றுக்குப் பந்தய வண்டியைப் போன்ற பக்க மூடிகள் இல்லை. இத்தகைய வண்டிக்கு ஸ்லைடரை விட, உருக்குக் குழாயை வளைத்துச் செய்த காப்புச் சட்டமே கூடிய பயன் தரும். நம்மூரில் 'லெக் கார்ட்' என்றும் 'கிராஷ் கார்ட்' என்றும் அழைப்பது இதனையே. தரித்து நிற்கும்போது பின்னுள்ள பெட்டியின் பாரத்தால் வண்டி சரிவதும், மணல் படிந்த திருப்பத்தில் மெதுவாக வழுக்குவதும் இவ்வேலையில் வழக்கமான விழுகைகள். அவ்வேளைகளில் கியர் நெம்பும் பிறேக் மிதியும் வளையாமற் காப்பதற்கு அகன்ற சட்டமே உதவும்.

சட்டம் ஒரே இடத்தில் மாத்திரம் பூட்டப்பட்டதாக இருக்கலாகாது. அடி விழுந்ததும் அது சுழன்று இயந்திரத்தையே இடிக்கும். மூன்று இடங்களிற் பிணைக்கப்பட்டதும், இடமும் வலமும் குறுக்குக் குழாயினால் இணைந்ததுமே உறுதியானது. ஒட்டு வேலை இடைவெளியின்றித் தொடர்ந்து செல்கின்றதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வளைகுடாவின் கடற்காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. வர்ணம் உரிந்த இடத்தைக் கவனியாது விட்டால் துரு உள்ளிருந்து அரித்துவிடும். பெரிய அடி ஒன்றை வாங்கிய சட்டத்தை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்துதலும் கூடாது.

வண்டி நிறுவனத்தின் சொத்தாயின், எதையும் பூட்டுமுன் எழுத்தில் அனுமதி பெறுங்கள். பூட்டுமுன்னும் பூட்டிய பின்னும் படமெடுத்து வைத்திருங்கள். பின்னர் "சேதம்" என்று கூறிச் சம்பளத்தில் வெட்டும்போது அப்படமே உங்கள் சாட்சி. ஐக்கிய அரபு அமீரகத்தில் இயந்திரத்தையோ சட்டகத்தையோ அனுமதியின்றி மாற்றியமைத்தல் குற்றமாகும். ஆதலால் துளையிட்டும் வெட்டியும் ஒட்டியும் பூட்டவேண்டிய பொருள்களைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

இரும்பு மனிதனைக் காக்குமா?

இனி, தம்பியின் "விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாம்" என்ற சொல்லுக்கு வருவோம். அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் என்பவரின் தலைமையில், லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகள் நிகழ்ந்த இடத்திலேயே ஆராயப்பட்டன. 1981 இல் வெளியான அவ்வறிக்கை இன்றும் எடுத்தாளப்படுகின்றது. காப்புச் சட்டங்கள் ஓட்டுபவரின் காயத்தைத் தடுக்கும் வழியல்ல என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. கணுக்காலிலும் பாதத்திலும் காயம் குறைகின்றது. ஆனால் தொடை, முழங்கால், கீழ்க்கால் ஆகியவற்றில் காயம் கூடி அந்நன்மையை ஈடுசெய்து விடுகின்றது. தலைக்காயத்தைத் தடுப்பதில் தலைக்கவசத்துக்கு நிகரானது எதுவுமில்லை என்பதையும் அதே அறிக்கை நிறுவியது.

ஆகவே தெளிவாகச் சொல்வோம்: ஸ்லைடரும் சட்டமும் வண்டியைக் காப்பவை, மனிதனைக் காப்பவை அல்ல. வண்டிக்குக் கவசம் பூட்டி, செருப்புக் காலுடன் ஓட்டுகின்ற இளைஞரை நாம் கண்டிருக்கின்றோம். அவருக்குப் பணம் அனுப்புபவர்கள் இதைக் கேட்டறிதல் வேண்டும்.

ஐரோப்பாவிலுள்ள உறவினர்கள் பணத்துக்குப் பதிலாகப் பொருளையே அனுப்பலாம். முழங்காலிலும் முழங்கையிலும் அணியும் காப்புகளில் 'ஈஎன் 1621-1' என்ற தரக் குறியும், கையுறையில் 'ஈஎன் 13594' என்ற குறியும், சப்பாத்தில் 'ஈஎன் 13634' என்ற குறியும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். தலைக்கவசத்துக்குரிய இன்றைய ஐ.நா. தரம் 'ஈசீஈ 22.06' ஆகும். தலையின் சுற்றளவை அங்கிருப்பவர் நூலால் அளந்து சொல்லட்டும். கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டுகின்ற நாடு அது. தடித்த தோல் அங்கியை அனுப்பினால் அது அறைச் சுவரிலேயே தொங்கும். காற்றுப் புகும் வலைத்துணி அங்கியே ஏற்றது.

தூக்கி நிறுத்தும் ஸ்ராண்ட்

தம்பி கேட்ட இரண்டாவது பொருள், பின்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தும் ஸ்ராண்ட். இது ஆடம்பரம் என்று நாம் சொல்லமாட்டோம். பாலைவன மணலும் செயினுக்கு இட்ட எண்ணெயும் சேர்ந்தால் உரைகல் போன்ற பசை உண்டாகி, செயினையும் பற்சக்கரத்தையும் விரைவில் தின்றுவிடும். நாள் முழுதும் ஓடும் வண்டிக்கு 500 கிலோமீற்றருக்கு ஒரு முறையேனும் செயினைத் துடைத்து எண்ணெயிட வேண்டும். அதற்குச் சில்லு தடையின்றிச் சுழல வேண்டும்.

ஆனால் வாங்குமுன் வண்டியின் அடியைக் குனிந்து பாருங்கள். நடு ஸ்ராண்ட் இருந்தால் வேறெதுவும் வேண்டியதில்லை. அதன் சுழலும் இடத்துக்குக் கிறீஸ் இட்டு, சுருள்வில் தளர்ந்திருந்தால் மாற்றினாற் போதும். நடு ஸ்ராண்ட் இல்லாத வண்டிக்கே தனி ஸ்ராண்ட் தேவை. அதில் இரு வகை உண்டு. பின் கவையின் அடியில் றப்பர்த் தாங்கியால் ஏந்துவது ஒன்று. கவையின் இருபுறத்திலும் நூற்கட்டை போன்ற உருளைகளைப் பூட்டி, அவற்றைக் கொழுவித் தூக்குவது மற்றொன்று. பின்னதே வழுக்காதது. ஆனால் உருளைக்குரிய துளை 6, 8, 10 மில்லிமீற்றர் என வண்டிக்கு வண்டி மாறும். அளந்த பின்னரே வாங்குங்கள். துளையே இல்லாத வண்டிக்கு முதல் வகைதான் பொருந்தும். ஸ்ராண்ட் தாங்கும் எடை, வண்டியின் எடையை விட நன்கு மிகுதியாக இருத்தல் வேண்டும்.

சமதளமான, உறுதியான நிலத்திலேயே தூக்குங்கள். பக்க ஸ்ராண்டை மடக்காமல் விட்டு வையுங்கள். முதல் சில தடவை ஒருவர் வண்டியைப் பிடித்திருக்கட்டும். முன்சில்லையும் தூக்க வேண்டுமாயின் பின்சில்லை முதலில் தூக்கி, இறக்கும்போது முன்சில்லை முதலில் இறக்குங்கள்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. இயந்திரத்தை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் செயினைத் துணியால் துடைக்காதீர்கள். செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் இடையில் துணியோடு விரலும் இழுபட்டுப் போகும். இயந்திரத்தை நிறுத்தி, திறப்பை எடுத்துவிட்டு, சில்லைக் கையால் மெதுவாகச் சுழற்றியே துடையுங்கள். பெற்றோல் வேண்டாம், மண்ணெண்ணெய் போதும். எண்ணெயிட்ட பின் மிகுதியை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் மணல் ஒட்டுவது குறையும்.

வெயிலில் இளகிய தாரிலும் மணலிலும் பக்க ஸ்ராண்டின் கால் புதைந்து வண்டி சரிவது அங்கே புதுமையல்ல. உள்ளங்கையளவு தட்டையான தகடொன்றை ஸ்ராண்டின் கீழ் வைத்தால் அது தவிர்க்கப்படும். ஏறக்குறைய செலவின்றிக் கிடைக்கும் காப்பு இதுவே.

எதை முதலில் வாங்குவது?

எமது முடிவை வரிசைப்படுத்திச் சொல்கின்றோம். முதலில் நல்ல தலைக்கவசம். அடுத்துக் கணுக்காலை மூடும் சப்பாத்தும் கையுறையும். பின்னர் முழங்கால் காப்பு. அதன்பின் தேயாத ரயரும் பிடிக்கும் பிறேக்கும். இவ்வளவும் ஆன பிறகே காப்புச் சட்டம். அதன் பிறகு, தேவையாயின், ஸ்ராண்ட்.

ஷார்ஜாவிலுள்ள தம்பிக்கு அண்ணன் இறுதியில் ஒரு சோடிச் சப்பாத்தும், முழங்கால் காப்பும், கையுறையும் அனுப்பினார். தம்பியின் வண்டியில் நடு ஸ்ராண்ட் ஏற்கெனவே இருந்ததும், அது துருப்பிடித்து இறுகிப் போயிருந்ததும் பின்னர்தான் தெரியவந்தது. கிறீஸ் இட்டதும் அது இலகுவாக இயங்கியது. காப்புச் சட்டத்துக்கு நிறுவனத்தின் அனுமதியை அவர் இன்னும் எதிர்பார்த்திருக்கின்றார்.

உடைந்த வண்டிக்குப் பதிலாக இன்னொரு வண்டி கிடைக்கும். கால் முறிந்தவருக்கோ வேலையோடு வதிவிட அனுமதியும் ஆட்டங்காணும். ஊரிலுள்ள குடும்பத்தின் கடன் அப்படியே நிற்கும். வளைகுடாவிலுள்ள உங்கள் பிள்ளையோ சகோதரனோ வண்டிக்குக் காப்புக் கேட்டால் மறுக்க வேண்டாம். "உன் காலுக்கு என்ன போட்டிருக்கிறாய்?" என்று முதலிற் கேளுங்கள்.