டிஸ்க் இமேஜில் வழிந்த நினைவகம்

ஒரு கணினிக்குள் மென்பொருளாலேயே ஓடும் இன்னொரு கணினிக்கு மெய்நிகர் கணினி என்று பெயர். அதன் ஹார்ட் டிஸ்க் உண்மையில் ஒரு கோப்புதான். அதை டிஸ்க் இமேஜ் என்பார்கள். 2003-ல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய, மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஎமு என்னும் திறந்த மூல மென்பொருள் இத்தகைய கோப்புகளில் பல வகைகளைப் படிக்கும். ஆப்பிளின் டிஎம்ஜி அவற்றில் ஒன்று.

டிஎம்ஜி கோப்பின் தரவு துண்டு துண்டாக இருக்கும். சில துண்டுகள் சுருக்கப்பட்டவை, சில சுருக்கப்படாதவை. இவற்றைப் படிக்க கியூஎமு நினைவகத்தில் இரண்டு பஃபர்களை, அதாவது தற்காலிக இடங்களை, ஒதுக்குகிறது. சுருக்கிய தரவுக்கு ஒன்று, விரித்த தரவுக்கு ஒன்று. முன்பு அந்த ஒதுக்கீட்டில் ஒரு பிழை இருந்தது. சுருக்கப்படாத துண்டின் நீளத்தை முதல் பஃபரின் கணக்கில் சேர்த்த நிரல், தரவை இரண்டாவதில் எழுதியது. ஒரு பானையை அளந்துவிட்டு வேறு பானையில் ஊற்றியது போலத்தான். கோப்பைத் தயாரித்தவர் நீளத்தை வேண்டுமென்றே பெரிதாகக் குறித்திருந்தால், தரவு பஃபரைத் தாண்டிப் பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதப்படும். நிரல் நின்றுபோகலாம், தாக்குபவரின் கட்டளைகள் ஓடவும் வழி பிறக்கலாம். டிஸ்க் இமேஜ் கோப்புகளைக் கையாளும் பகுதியில் கண்டறியப்பட்ட இதுபோன்ற பல ஓட்டைகளுடன் இதுவும் 2014 ஏப்ரலில் வெளியான 2.0 பதிப்பில் அடைக்கப்பட்டது.

இத்தகைய திருத்தத்தைச் சரிபார்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அளவு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். கோப்பிலிருந்து வரும் எந்த எண்ணையும் நம்பக் கூடாது. அதனால் ஒரு துண்டு 64 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பும் சேர்க்கப்பட்டது. அடுத்து, ஒவ்வொரு வகைத் துண்டும் எந்த பஃபருக்குப் போகிறது என்று தனித்தனியே தொடர்ந்து பார்க்க வேண்டும். பின்னங்களையும் கவனிக்க வேண்டும். 1000 பைட்டை 512 பைட் கொண்ட டிஸ்க் அலகுகளான செக்டர்களாக வகுத்தால் முழு எண் 1 மட்டுமே வரும்; 488 பைட்டுக்கு இடமிருக்காது. 511-ஐக் கூட்டிவிட்டு வகுத்தால்தான் 2 செக்டர் கிடைக்கும். கடைசியாக, கெட்ட கோப்பு மறுக்கப்படுகிறதா, நல்ல கோப்பு முன்போலவே திறக்கிறதா என்று இரண்டையும் சோதிக்க வேண்டும்.

இந்த உழைப்பு வீண் அல்ல. கியூஎமுவின் ஃப்ளாப்பி பகுதியில் 2004 முதல் இருந்த பஃபர் பிழை ஒன்று, 2015 மே மாதத்தில்தான் வெனம் என்ற பெயரில் வெளியே தெரிந்தது. பதினொரு ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை.

கியூஎமுவின் நிரல் முழுவதும் பொதுவில் இருக்கிறது. கச்சிராயபாளையத்தில் சி மொழி கற்கும் மாணவரும் அதை இறக்கிப் படிக்கலாம். இத்தகைய திருத்தம் ஒன்றை வரிவரியாகப் படித்துப் பார்ப்பது, நம்பகமான நிரல் எழுதக் கற்க மிக நல்ல பாடம்.