பயத்தைச் சோதித்துப் பார்க்கும் வைத்தியம்

2003 மே மாதத்தில் இரத்தினபுரி வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கியது. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தது. சப்ரகமுவத் தோட்டங்களில் மழைச் சத்தம் கேட்டதும் நெஞ்சு படபடத்தால் அதில் வியப்பில்லை. ஆனால் சின்னத் தூறலுக்கே பிள்ளைகளை எழுப்பி உட்காரவைத்து விடியும்வரை விழித்திருந்தால்? அதற்கு வைத்தியம் உண்டு.

நினைப்பதை எழுதி வைத்து

அமெரிக்க மனநல வைத்தியர் ஆரன் பெக் 1960களில் வளர்த்தெடுத்த சிகிச்சை முறையில் நடத்தைப் பரிசோதனை ஒரு முக்கியக் கருவி. “தைரியமா இரு” என்ற உபதேசம் இதில் கிடையாது.

கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மேட்டில் ஏறும்போது படபடப்பு வந்தால் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். கிலோ குறைகிறது, அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுகிறது. இதயத்தில் கோளாறில்லை என்று வைத்தியர் உறுதிசெய்த பிறகே பரிசோதனை தொடங்கும். “உட்காராவிட்டால் மயங்கி விழுவேன்” என்று எழுதி, அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறார் என்றும் குறிப்பார்கள். தொண்ணூறு என்கிறார். பிறகு உளவளத்துணையாளரோடு படியேறுகிறார். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஆனால் அவர் விழவில்லை. இப்போது அந்தத் தொண்ணூறு எவ்வளவாக இறங்கியது?

உட்காருவதுதான் இதில் வில்லங்கம். “உட்கார்ந்ததால் தப்பினேன்” என்ற நம்பிக்கையை அது காப்பாற்றிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட தற்காப்புப் பழக்கங்களைக் கைவிட்டுப் பயத்தை எதிர்கொண்டவர்களே கூடுதலாகத் தேறினார்கள் என்று போல் சல்கோவ்ஸ்கிஸ் குழுவின் 1999 ஆய்வு காட்டியது.

மழைமானியைப் பார்த்து

மண்சரிவுப் பயம் வேறு மாதிரி. அதில் பாதி நியாயமானது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. 150இல் லயத்துக்குள் படுத்து மனதைச் சோதிப்பது பரிசோதனையல்ல, விபரீதம். சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, ஊற்றில் திடீர்க் கலங்கல், சாயும் மரம் கண்டால் மழைமானியைப் பார்க்காமலே கிளம்ப வேண்டும். இவை எதுவும் இல்லாத, 20 மில்லிமீற்றர் பெய்த இரவு பரிசோதனைக்குத் தோதானது. என்ன நடக்கும் என்று நினைத்தார்கள், காலையில் என்ன நடந்திருந்தது என்று ஒப்பிடலாம்.

சிகிச்சைக்கே ஒரு சோதனை

ஆய்வாளர்கள் சிகிச்சையையும் சும்மா விடுவதில்லை. காரணம் பிடிபடாத உடல் உபாதைகளோடு திரும்பத் திரும்ப வைத்தியரிடம் வந்த 150 பேரை வைத்து அதுல சுமதிபால குழு இலங்கையில் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு பெக் வழிவந்த இந்தச் சிகிச்சை. மற்றதற்கு, குறித்த நாளில் வரவழைத்துப் பொறுமையாகக் கேட்கும் ஒழுங்கான கவனிப்பு. இரு பிரிவும் தேறின, பெரிய வித்தியாசமில்லை. ஒப்பிட இரண்டாம் பிரிவு இல்லாதிருந்தால் பெயரெல்லாம் சிகிச்சைக்கே போயிருக்கும். ஒருநாள் சம்பளத்தை இழந்து தோட்ட டிஸ்பென்சரிக்கு வருபவரிடம் இரண்டு நிமிடத்தில் மாத்திரையை நீட்டுபவர்கள் இந்த முடிவைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

மனநல உதவிக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.